நிறுத்துங்க என்றால் பறவை

மார்ச் 9, திங்கள்

இன்றும் துப்பிவிட்டாள். புது நிப்பிள். "இதை வேணாம்னு சொன்ன குழந்தையே கிடையாதும்மா" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அவர் இன்னும் சுண்டுவைப் பார்க்கவில்லை.

பிறந்த அன்று தன் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள், அதனால்தான் சுண்டு. எட்டு மாதமாகியும் அந்த விரலை விடவில்லை. பாட்டிலை மட்டும் பிடிக்க மாட்டாளாம். வாழைப்பழ மசியல் ரெண்டு கரண்டி இறங்குகிறது. வயிறு நிறைவது பாலில்தான், அதுவும் நேரே என்னிடமிருந்துதான். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, என் கணவன் மடியில் வைத்துப் பாட்டிலைக் கொடுத்தான். கதவைப் பார்த்துக்கொண்டே அழுதாள். மாடிப்படியில் போய் நின்றேன். மாடிப்படிப் பக்கம் திரும்பி அழுதாள். இவளுக்கு யார் துப்புக் கொடுக்கிறார்கள்?

மதியம் லேப் மேனேஜர் போன். "ஒண்ணாம் தேதி வந்துடுவீங்கள்ல? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா, வேற ஆள் பாக்கணும். சாம்பிள் மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு." வந்துவிடுவேன் சார் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன்? காலை ஏழு முதல் மூன்று வரை நான் தண்ணீரைப் பரிசோதித்துக்கொண்டிருப்பேன். இவள் இங்கே பட்டினியாகக் கிடப்பாளா? அவனுக்கு ஹோட்டலில் மாலை ஷிப்ட். நான் வந்ததும் அவன் கிளம்புவான். கணக்கெல்லாம் சரியாக வருகிறது. சுண்டுதான் கணக்கில் வர மாட்டேன் என்கிறாள்.

சாயங்காலம் வக்கீல் அக்காவிடம் புலம்பினேன். கல்லூரியில் எனக்கு சீனியர். அப்போதே எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள். "நீ வீட்ல இருக்கிற வரைக்கும் அவ பாட்டில எடுக்க மாட்டாடி. மூணு நாள் எங்கயாவது ஒழிஞ்சு போ. சனிக்கிழமை நானும் பல் டாக்டரும் பாலைவனத்துக்குக் கெளம்பறோம், பறவை பாக்க. பின் சீட் காலிதான்."

முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

மார்ச் 11, புதன்

அத்தை போனில்: "பறவை பாக்க அவ்ளோ தூரம் போகணுமா? நம்ம மொட்டை மாடிக்கே வருதேம்மா." வருவது புறா.

மார்ச் 13, வெள்ளி

பெட்டி கட்டி, பிரித்து, மறுபடி கட்டினேன். மூன்று நாளைக்கு இரண்டு சட்டை போதும் என்கிறாள் அக்கா. அவளுக்கென்ன, அவள் சட்டை நனையாது. பால் எடுக்கும் பம்ப், துணி, இன்னும் துணி. பைனாகுலரை அலமாரி மேலிருந்து எடுத்தேன். வார் முழுக்கத் தூசி. கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவோடும் டாக்டரோடும் பறவை பார்க்க ஏரிக்கரைக்குப் போனவள் நான்தானா?

ஃப்ரீசரில் பம்பில் எடுத்த என் பாலைப் பைபையாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஐஸ் தட்டை அவன் வெளியே எடுத்து வைத்துவிட்டான், இடம் போதாதென்று.

"அழுதா என்ன பண்ணுவ?"

"தூக்கிட்டு நடப்பேன்."

"நடந்தும் அழுதா?"

"இன்னும் நடப்பேன். மூணு நாள் லீவு போட்டாச்சு. நீ போயிட்டு வா தாயே. நானும் இவளுக்கு அப்பன்தான், வாட்ச்மேன் இல்ல."

சிரித்தேன். பிறகு குளியலறையில் போய் நின்றுகொண்டு, இரண்டாவது நாள் காய்ச்சல் வந்தால் என்று யோசித்தேன். முதல் நாளே வந்தால்? நான் வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடலாமா? தூங்கும் குழந்தையை எழுப்பாமல் முத்தம் கொடுப்பது எப்படி என்று யாராவது ஒரு வகுப்பு எடுக்கலாம்.

மார்ச் 14, சனி. வண்டியில்

எழுத்து கோணுகிறது, ரோடு அப்படி. எழுதாமல் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். ஊர் முடிந்து, வயல் முடிந்து, மரம் முடிந்து, இப்போது புதர் மட்டும். அதுவும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளி நிற்கிறது. நடுவில் கல்லும் மண்ணும். அக்கா ஓட்டுகிறாள். டாக்டர் முன் சீட்டில், மடியில் ஸ்கோப். அந்த நீளத் தொலைநோக்கியைத் தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் எனக்குக் குழந்தையாகத்தான் தெரிகிறது.

இந்த வண்டியில் சட்டம் உண்டாம். அக்கா வாசித்தாள். யாராவது "நிறுத்துங்க" என்றால் கேள்வியே கிடையாது, பிரேக்தான். ஏன், எதற்கு எல்லாம் அப்புறம். "அதனால வாந்தி வந்தா வாந்தின்னு சொல்லணும், பாத்ரூம்னா பாத்ரூம்னு சொல்லணும். 'நிறுத்துங்க'ன்னா பறவை. வேற அர்த்தம் கெடையாது."

"போன தடவ ஒரு பிளாஸ்டிக் பைக்கு நிறுத்தினாங்க உங்க அக்கா" என்றார் டாக்டர்.

"அது ஆந்தை மாதிரி உக்காந்திருந்துச்சுய்யா."

திசைக்குக் கடிகாரம். வண்டியின் மூக்கு பன்னிரண்டு மணி, வலது கை மூன்று, இடது கை ஒன்பது. டாக்டர் "ரெண்டு மணி, மின்கம்பி!" என்று கத்துவார், அங்கே ஒரு கீச்சான் உட்கார்ந்திருக்கும். எனக்கோ மணி என்றால் சுண்டு கடைசியாக எப்போது குடித்தாள் என்பதுதான். ஐந்துக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டுக்குப் பாட்டில். பத்துக்கு இன்னொரு தடவை.

இப்போது எட்டு தாண்டிவிட்டது.

அதே நாள். விடுதி அறை

காலையில் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும்.

எட்டரை வாக்கில் ஒரு தொட்டி வந்தது. ஆடுமாடுகளுக்காகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி. வழிந்த தண்ணீர் கீழே ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. தள்ளி நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. புறாவுக்கும் கௌதாரிக்கும் பிறந்ததுபோல் ஓர் உருவம், மண்ணின் நிறம். நாலு மிடறு, உடனே பறந்துவிடும். பருந்து பயம்.

ஓர் ஆண் மட்டும் போகவில்லை. வயிறு முங்கும் வரை தண்ணீருக்குள் நடந்து, இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்து, தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கூட வந்ததெல்லாம் பறந்துவிட்ட பிறகும்.

"பொம்பளைங்க எல்லாம் அவசர அவசரமா குடிச்சிட்டு ஓடுது. இவரு பாரு, ஹாய்யா குளிக்கிறாரு" என்றேன்.

"மாப்பிள்ளைக் குளியல்" என்றாள் அக்கா. "உன் வீட்டுக்காரர் மேல இருக்கிற கோவத்த அது மேல காட்டாதடி."

டாக்டர் வானத்தில் ஏதோ ஒரு வல்லூறை ஸ்கோப்பால் துரத்திக்கொண்டிருந்தார். இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்.

எனக்கு அவன் மேல் கோபமா? இல்லையே. இருந்ததா?

ஒன்பதரைக்குப் பெட்ரோல் பங்க். சிக்னல் இருந்தது. கூப்பிட்டேன்.

"குடிச்சாளா?"

"ம்... குடிப்பா."

"பின்னால என்னடா சத்தம்? அழறாளா?"

"இல்ல, பேசறா."

"அது பேசறதா?"

"எல்லாம் ஓகே. நீ பறவையப் பாரு."

சுண்டுவின் அழுகை. 'ங்' என்று ஆரம்பித்து, மூச்சு நின்று, பிறகு வெடிக்கும் அந்த அழுகை. காதில் விழுந்த நொடியே என் சட்டை நனைந்துவிட்டது. உடம்புக்குத் தூரம் தெரியாதா? அங்கே இருப்பவளுக்கு இங்கே சுரந்து என்ன பிரயோஜனம்? துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்குள் லைன் போய்விட்டது. பங்கைத் தாண்டியதும் சிக்னலும் போனது. "இனிமே சாயங்காலம்தான்" என்றாள் அக்கா. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்!

அவனுடைய ஓகே எனக்குத் தெரியும். காலில் ஆணி ஏறி ரத்தம் சொட்டச் சொட்ட வந்தபோதும் ஓகே என்றவன். ஓகே என்றால் ஓகே இல்லை. குடிக்கவில்லை. எட்டுக்கும் குடிக்கவில்லை. அஞ்சு மணிக்குக் குடித்த வயிறு. நான் இங்கே உட்கார்ந்து என்ன கிழித்துக்கொண்டிருக்கிறேன்? குருவி பார்க்கிறேனாம் குருவி! பெத்தவளா நான்? வேலை வேண்டாம். ஒன்றும் வேண்டாம். மேனேஜரிடம் சொல்லிவிடலாம். வண்டியைத் திருப்பச் சொன்னால் மத்தியானத்துக்குள் வீடு. இவர்கள் டூர் கெடும், கெடட்டும். சொல்லு. சொல்லேன். சொல்லித் தொலையேன்—

"நிறுத்துங்க!"

நான் கத்தியது எனக்கே கேட்டது. அக்கா மிதித்த மிதியில் ஸ்கோப் டாக்டரின் தாடையில் இடித்தது. அவர் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. எஞ்சின் நின்றது. கண்ணாடி இறங்கியது. ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், டாக்டர் திரும்பாமலே கிசுகிசுத்தார்:

"எத்தன மணி?"

பத்து. என் மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் வேளை. அது எப்படி இவருக்கும் தெரிந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை.

"பத்தாச்சு டாக்டர்" என்றேன்.

அவர் பத்து மணிப் பக்கம் பைனாகுலரைத் திருப்பினார். இடது முன்பக்கம். வெறும் கல்லும் மண்ணும். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. ஐயோ, அது திசை இல்லை, நான் நேரத்தைச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? பாவம், கல்லைப் பார்க்கிறார் மனுஷன். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"அடேங்கப்பா" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும். "இது எப்படிம்மா உங்க கண்ணுல பட்டுது?"

கற்களில் ஒரு கல் கண்ணைச் சிமிட்டியது.

பெண் கல்கௌதாரி. தரையோடு தரையாக. அதன் பக்கத்தில் கூழாங்கல் அளவில் மூன்று. குஞ்சுகள். கோழிக்குஞ்சில் பாதி இருக்கும். அசையவே இல்லை. தாய் 'அசையாதே' என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களை நேராகப் பார்த்துக்கொண்டு, வெயிலில், அப்படியே. அக்கா பின் சீட்டிலிருந்து என் பைனாகுலரை எடுத்துக் கொடுத்தாள். சுற்றிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்த வெயிலில் இதுகள் எதைக் குடிக்கும்? தொட்டி எங்கே இருக்கிறது, இதுகள் எங்கே இருக்கின்றன. இதுகளுக்குப் பறக்கவும் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதுகில் வியர்வை ஓடியது, யாரும் அசையவில்லை. பிறகு ஓர் ஆண் தாழப் பறந்து வந்து, கொஞ்சம் தள்ளி இறங்கியது. நாலாபுறமும் பார்த்துவிட்டு நடந்து வந்தது. நடை ஒரு மாதிரி இருந்தது, ஈரத் துணி கட்டிக்கொண்டவன் நடப்பதுபோல். வயிற்று இறகு கறுத்து, ஒட்டிப்போய்.

அவ்வளவுதான், அந்த மூன்று கல்லுக்கும் கால் முளைத்துவிட்டது. ஓடின. ஆண் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நெட்டுக்குத்தலாக நின்றது. மூன்றும் அதன் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்து, இறகைக் கவ்விச் சப்பின. நாய்க்குட்டிகள் தாயிடம் குடிக்குமே, அப்படி. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு.

"படிச்சிருக்கேன்" என்றார் டாக்டர். "இத்தன வருஷத்துல பாத்ததில்ல. வயித்து எறகுல தண்ணிய நனைச்சு எடுத்துட்டு வருது. ஸ்பாஞ்ச் மாதிரி. ஆணுக்கு மட்டும்தான் அந்த மாதிரி எறகு."

அக்கா முன்னால் பார்த்தபடியே சொன்னாள், "குளிக்கிறாருன்னியே."

பெண் கௌதாரி எழுந்தது. குஞ்சுகள் குடிப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தள்ளிப் போய் மண்ணில் விதை பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது. பசித்திருக்கும். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்திருக்கும். எனக்கு அதைத்தான் பார்க்கத் தோன்றியது, ஆணை இல்லை. எவ்வளவு நிம்மதியாகத் தின்கிறது!

குடித்து முடிந்ததும் ஆண் மண்ணில் வயிற்றைத் தேய்த்து உலர்த்திக்கொண்டது. பிறகு ஐந்தும் கல்லாகிவிட்டன. பைனாகுலரை இறக்கி ஏற்றினால் தெரியவில்லை.

"தண்ணி மேடம், உங்களுக்கு இருக்கிறது கண்ணு இல்ல, ஸ்கோப்பு" என்றார் டாக்டர், தாடையைத் தடவிக்கொண்டே. நான் தண்ணீர் லேபில் வேலை பார்ப்பதால் அந்தப் பட்டம். மற்றவர்கள் முன்னால் அப்படிக் கூப்பிடாதீர்கள், குடிகாரி என்று நினைப்பார்கள் என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று.

அக்கா சாவியில் கை வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நேராவா, திரும்பியா?"

"திரும்பி எதுக்கு?" என்றார் டாக்டர்.

திரும்பலாம் என்ற சொல் அப்போதும் நாக்கில் இருந்தது. சுண்டு அழுதுகொண்டுதான் இருந்தாள், எனக்குத் தெரியும். ஆனால் அவளைத் தூக்கிக்கொண்டு நடப்பவனை அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. அழுகையை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நேரா" என்றேன்.

சொன்னதோடு நிம்மதி வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. மத்தியானம் முழுவதும் ஒரு பறவையும் மனதில் நிற்கவில்லை. ஒரு முறை ரெண்டு பேரையும் வண்டியைவிட்டு இறக்கிவிட்டுப் பால் எடுத்தேன். டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு வானம்பாடியை அரை மணி நேரம் பார்த்தார். அந்த வானம்பாடிக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

விடுதியில் சிக்னல் மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும். பெட்டியைக் கீழேயே போட்டுவிட்டு ஓடினேன். வீடியோ கால். எடுத்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை. நீலப் பூப்போட்ட துணி. என் துணி. என் நைட்டி.

"என்னடா இது கோலம்?"

"கத்தாத, தூங்கறா." போனைத் தாழ்த்தினான். என் நைட்டிக்குள் அவன், தோளில் தையல் பிரிந்து, கை பாதியில் நின்று. அந்த நெஞ்சில் கன்னத்தைப் புதைத்துக்கொண்டு சுண்டு. வாயோரம் பால். ஒரு கை அவன் சுண்டுவிரலில்.

"ஓகே இல்ல. காலைல ஓகே இல்ல. பொய் சொன்னேன்" என்றான். "ஒரு மணி வரைக்கும் தொண்டை கட்டற மாதிரி அழுதா. நானும் கூட அழுதேன்னு வெச்சுக்கயேன். அப்புறம் அழுக்குக் கூடைல இருந்த உன் நைட்டிய எடுத்து மோந்து பாத்தேன். சும்மாதான். எனக்காக. இவ எட்டிப் பிடிச்சு இழுத்தா. சரி, போட்டுத்தான் பாப்போமேன்னு..."

"குடிச்சாளா?"

"முழு பாட்டில். ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ குடிக்கறப்போ பெல் அடிச்சுது. அப்படியே போய்க் கதவத் தொறந்துட்டேன்."

"யாரு?"

"தண்ணி கேன் போடறவரு. ஏற எறங்கப் பாத்தாரு. 'மேடம் ஊர்ல இல்லீங்களா'ன்னாரு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். கீழே டாக்டரும் அக்காவும் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு.

அறைக்கு வந்து, காலையிலிருந்து எடுத்த பாலைக் குளியலறைத் தொட்டியில் ஊற்றினேன். அப்போதுதான் அழுகை வந்தது. ஏன்? குடித்துவிட்டாள் என்றுதானே கேட்க ஆசைப்பட்டேன்? வாசனை போதுமா அவளுக்கு? நான் வேண்டாமா? என்ன பிறவி நான். குடிக்காவிட்டாலும் அழுகை, குடித்தாலும் அழுகை.

இறகு நனைத்துக்கொண்டு வந்த அந்த ஆணுக்கு அத்தனை தூரத்தில் வழியில் எவ்வளவு தண்ணீர் காய்ந்திருக்கும்? காய்ந்தது போக மீதியைத்தானே குடித்தன?

தூக்கம் வரவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி அக்கா தலையணையால் எறிகிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

பல் தேய்க்கும்போது அக்கா கேட்டாள்: "நேத்து நீ பறவைய பாத்துக் கத்தல, இல்ல?"

நான் இன்னும் வேகமாகப் பல் தேய்த்தேன்.

"கத்தறப்போ உன் பைனாகுலர் பின் சீட்ல கெடந்துது. கோர்ட்ல இது போதும்." வாயைக் கொப்பளித்தாள். "நீ திரும்பின்னு சொல்லியிருந்தா திருப்பியிருப்பேன். டாக்டர்கிட்ட சொல்லிடாத. அந்தாளு ஊருக்கெல்லாம் போன் போட்டு உன் கண்ணப் பத்திப் பெருமையடிச்சுட்டாரு."

மார்ச் 16, திங்கள்

வீடு. சிரித்துக்கொண்டு பாய்வாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து ஓவென்று அழுதாள். வழக்கு போடுவதுபோல் நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு. முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

மடத்தனம். துணியோடு துணியாக அந்த நைட்டியையும் துவைத்துவிட்டேன். சோப்பு வாசனை. சுண்டு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான் அவன்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று இரவு இருக்கிறது. நானே போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.

ஏப்ரல் 1, புதன்

காலையில் நைட்டியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு லேபுக்குப் போனேன். என் உடம்புச் சூடு ஆறுவதற்குள் தலை வழியே போட்டுக்கொண்டான்.

சாம்பிள் உண்மையிலேயே மலை மாதிரிதான் கிடந்தது. பத்து மணிக்கு ஒரு தடவை சட்டை நனைந்தது. மாற்றிக்கொண்டு, அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

மூன்றேகாலுக்கு வீடு. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே நைட்டியில் அவன், மடியில் சுண்டு, அவள் வாயில் பாட்டில். செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குச் சுண்டுவின் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருந்தது. குடித்து முடித்துவிட்டு, பிறகு கையை நீட்டினாள்.

அதுவரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.